கிளையன்ட் டிஆர் (டிசாஸ்டர் ரெகவரி) பிளான் கேக்குறாங்க, எங்ககிட்ட இருக்குறது ஃப்ளோரிடா புயலுக்கு எழுதுனது. என்ன பண்றது?

நைட்ஷிஃப்ட்_பெருங்குடி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் மொத தடவ எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் வேல பாக்குறது பெருங்குடி பக்கம் ஒரு சின்ன மெடிக்கல் பில்லிங் கம்பெனி. மொத்தம் 48 சீட்டு. அமெரிக்காவுல மூணு டாக்டர் குரூப்புக்கு பில்லு ஏத்துற சார்ஜ் என்ட்ரி, வந்த காச கணக்குல ஏத்துற பேமென்ட் போஸ்டிங், வராத காச தொரத்துற ஏஆர் ஃபாலோ அப் எல்லாம் நாங்கதான். நான் பேருக்கு டீம் லீட், ஆனா பிரிண்டர்ல பேப்பர் மாட்டுனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, ஏன்னா ஐடிக்குன்னு தனியா ஆளு கிடையாது, மாசத்துக்கு ரெண்டு தடவ வெண்டர்கிட்டேர்ந்து ஒரு பையன் வந்து எட்டிப் பாத்துட்டு போவான்.

போன வாரம் அந்த மூணுல ஒரு குரூப், கார்டியாலஜி ஆளுங்க, ஒரு எக்செல் அனுப்பிருக்காங்க. 112 கேள்வி. பாஸ்வேர்ட், எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோட ஓடிபி மாதிரி ரெண்டாவது சோதனை), என்கிரிப்ஷன்னு ஆரம்பிச்சு கடைசி 30 கேள்வி ஃபுல்லா டிசாஸ்டர் ரெகவரி, அதாவது வெள்ளம், ஹேக்கிங்னு எல்லாம் விழுந்தா எப்டி திருப்பி எந்திரிப்பீங்கங்குறது. உங்க ஆர்டிஓ எவ்ளோ, ஆர்பிஓ எவ்ளோ, கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க, ரிப்போர்ட் அனுப்புங்கன்னு. எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆர்டிஓ கே.கே. நகர்ல எட்டு போட்டு காட்டுற எடம்தான்.

எம்டி சார்கிட்ட கேட்டேன். "எல்லாத்துக்கும் யெஸ் போட்டு அனுப்புப்பா, டேட்டா எல்லாம் அவங்க சாஃப்ட்வேர்லதான இருக்கு, நம்மகிட்ட என்ன இருக்கு"ன்னுட்டாரு. பிளான் வேற ஏற்கனவே இருக்காம், ஷேர்ட் ட்ரைவ்ல பாருன்னாரு. தேடி எடுத்தேன், 34 பக்கம் வேர்ட் ஃபைல். எட்டாவது பக்கத்துல, ஹரிகேன் எச்சரிக்கை வந்ததும் ஊழியர்கள் கவுண்டி ஷெல்டருக்கு போகணும்னு இருக்கு. இன்னொரு எடத்துல எங்க தாம்பா ஆபீஸ்னு வருது. எங்களுக்கு தாம்பரத்துலயே ஆபீஸ் இல்ல. யாரோ நெட்லேர்ந்து எடுத்து பேர மட்டும் மாத்திருக்காங்க, ரெண்டு எடம் கண்ணுல படாம தப்பிச்சிருச்சு.

திங்கக்கிழமை கெடு. இத எப்டி நிரப்புறது, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது, யாராவது சொல்லுங்களேன்.

சும்மா_ஒருத்தன்:

யெஸ் போட்டு அனுப்பிருங்க ப்ரோ. இவங்க யாரும் முழுசா படிக்கிறது இல்ல, செக்லிஸ்ட் ஃபுல்லா பச்சையா இருந்தா போதும் அவங்களுக்கு. ஊர்ல பாதி கம்பெனி அப்டிதான் ஓடுது.

சர்வர்ரூம்_அண்ணாச்சி:

தம்பி, மேல சொன்னவர் பேச்ச கேக்காதீங்க. அப்டி பச்சையா வச்சிருந்த ஒரு எடத்துல நான் மாட்டிருக்கேன்.

2015ல ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனில சிஸ்டம் அட்மினா இருந்தேன். சர்வர் ரூம் கிரவுண்ட் ஃப்ளோர், ஜெனரேட்டர் கீழ ஸ்டில்ட் பார்க்கிங்ல. டிசம்பர் 1, செவ்வாக்கிழமை, காலைலேர்ந்து ஊத்துது, செம்பரம்பாக்கம் தொறந்துட்டாங்க, விநாடிக்கு 29,000 கன அடின்னு நியூஸ்ல ஓடுது, எங்களுக்கு அது ஏதோ நம்பராதான் பட்டுச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு வாசப்படில தண்ணி. ஒரு மணிக்கு முழங்கால். நானும் வாட்ச்மேனும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவும் சேந்து சர்வர கழட்டி மூணாவது மாடிக்கு தூக்குனோம், கரண்ட் வேற போச்சு, செல்போன் டார்ச்ச வாயில கடிச்சிக்கிட்டு. பெரிய சாதனைன்னு நெனச்சோம். விடிஞ்சப்புறம்தான் ஞாபகம் வருது, பேக்கப் எடுக்குற ஹார்ட் டிஸ்க்கு ரெண்டும் அதே ரேக்குல அடி டிராயர்ல. சர்வர் பொழச்சிச்சு, பேக்கப் செத்துப்போச்சு. தலைகீழா ஆயிருந்தா என்ன கதின்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

சரி சர்வர் இருக்கே, வேல ஆரம்பிச்சிரலாம்னா ஜெனரேட்டர் முங்கிருச்சு. புதுசா வாடகைக்கு எடுத்தா டீசல் இல்ல. டீசல் கெடச்சா ஆளு இல்ல. ஆள கூப்பிடலாம்னா டவர் இல்ல, டவர் வந்தப்போ பாத்தா ஸ்டாஃப் நம்பர் லிஸ்ட் எங்க இருக்கு? அந்த சர்வர்லயே! கரண்ட் இல்லாம மூணாவது மாடில உக்காந்துருக்கே, அதுல. பிளான்ல "கால் ட்ரீ"ன்னு, யாரு யாருக்கு போன் போடணும்னு, அழகா படம் வரைஞ்சு வச்சிருந்தோம், அந்தப் படமும் அதே ஃபைல்லதான் இருந்துச்சு.

அந்த வாரம் நடந்ததுல எனக்கு மறக்காத விஷயம் ஒண்ணு. தி இந்து இங்கிலீஷ் பேப்பர் 1878லேர்ந்து வருது, சென்னைல டிசம்பர் 2 அன்னைக்கு அச்சாகல. மிஷின் கெட்டதால இல்ல. மறைமலை நகர் பிரஸ்ஸுக்கு ஆளுங்க போய்ச் சேர முடியல, அவ்ளோதான். நம்மாளுங்க டிஆர்னா சர்வர்னு மட்டும்தான் நெனைக்கிறாங்க. வேளச்சேரி, பள்ளிக்கரணைல இருக்குற உங்க 48 பேர்ல எத்தன பேரு 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ வீட்ட விட்டு வெளிய வர முடிஞ்சுது? அத எண்ணிப் பாருங்க, அதான் உங்க பிளானோட மொத பக்கம்.

உயரத்துல வச்சா போதும்னும் நெனைக்காதீங்க. 2012 அக்டோபர்ல நியூயார்க்ல சாண்டி புயல் வந்தப்போ பெல்வ்யூ ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் 13வது மாடிலதான் இருந்துச்சு. ஆனா டீசல் ஏத்துற பம்பு அடித்தளத்துல. தண்ணி உள்ள வந்து பம்பு போச்சு. ஆளுங்க வரிசையா நின்னு படிக்கட்டுல டீசல கையாலயே மேல தூக்கிருக்காங்க. கடைசில நோயாளிங்க எல்லாரையும் வெளியேத்த வேண்டியதாப் போச்சு. உங்க பில்டிங்ல யூபிஎஸ் எங்க, டிபி (கரண்ட் பிரிக்கிற பெட்டி) எங்க, ஜெனரேட்டர் எங்க, டீசல் டேங்க் எங்க, ஸ்விட்ச் ரூம் எங்கன்னு ஒரு தடவ கால்நடையா போய் பாத்துட்டு வாங்க. எம்டி சாரையும் கூட்டிட்டு போங்க.

கடைசியா ஒண்ணு. "நம்மகிட்ட டேட்டாவே இல்ல"ங்குறது எல்லா பில்லிங் ஆபீஸ்லயும் சொல்ற பொய். தெரிஞ்சு சொல்றது இல்ல, அவங்களே நம்புறாங்க. நாஸ்லயும் (எல்லாரும் சேந்து ஃபைல் வைக்கிற நெட்வொர்க் டிஸ்க் பாக்ஸ்), ஒவ்வொரு மிஷினோட டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயும் தேடிட்டு வந்து சொல்லுங்க.

ஆடிட்_அக்கா:

நான் பதினாலு வருஷமா இந்த கேள்வித்தாளத்தான் அனுப்புற பக்கமும் வாங்குற பக்கமும் மாத்தி மாத்தி பாத்துட்டு இருக்கேன், அதனால சொல்றேன் தம்பி. யெஸ் போடாதீங்க.

நீங்க அவங்களோட பிஏஏ கையெழுத்து போட்டிருப்பீங்க, பிசினஸ் அசோசியேட் அக்ரிமென்ட், நோயாளி டேட்டாவ தொடுற வெண்டர் போடுற ஒப்பந்தம். அமெரிக்க அதிகாரி பெருங்குடிக்கு வந்து உங்கள பிடிக்கப் போறதில்லதான், ஆனா அந்த ஒப்பந்தம் உங்கள பிடிக்கும். ஹிப்பா 1996ல வந்த அமெரிக்க சட்டம், நோயாளி டேட்டா பாதுகாப்புக்கும் அதுதான், அதோட செக்யூரிட்டி ரூல்ல கன்டின்ஜென்சி பிளான்னு ஒரு பகுதி இருக்கு. அதுல பேக்கப் பிளான், டிஆர் பிளான், எமர்ஜென்சில எப்டி வேல ஓட்டுவீங்கங்குற பிளான், இந்த மூணும் கட்டாயம். டெஸ்ட் பண்றதும், எந்த அப்ளிகேஷன் எவ்ளோ முக்கியம்னு வரிசைப்படுத்துறதும் "அட்ரஸபிள்"னு போட்டிருக்கும். நம்மாளுங்க அத விருப்பம் இருந்தா பண்ணலாம்னு புரிஞ்சுக்குவாங்க. அப்டி இல்ல. பண்ணலைன்னா ஏன் பண்ணல, அதுக்கு பதிலா என்ன பண்றீங்கன்னு எழுதி வைக்கணும்னு அர்த்தம்.

பொய்யா யெஸ் போட்டா என்ன ஆகும்னு கேட்டா, 2022ல அமெரிக்காவுல நடந்தத சொல்றேன். ஒரு கம்பெனி சைபர் இன்சூரன்ஸ் ஃபார்ம்ல எம்எஃப்ஏ இருக்குன்னு எழுதி குடுத்திருக்கு. சைபர் அட்டாக்ல அடி வாங்குனதுக்கு அப்புறம் பாத்தா ஃபயர்வாலுக்கு மட்டும்தான் இருந்துச்சு, சர்வருக்கு இல்ல. இன்சூரன்ஸ்காரன் காசு தர மாட்டேன்னு மட்டும் சொல்லல, பாலிசியே மொதல்லேர்ந்து செல்லாதுன்னு கோர்ட்டுக்கு போனான், கடைசில அந்த கம்பெனியும் ரத்துக்கு ஒத்துக்கிச்சு. ஃபார்ம்ல ஒரு டிக்கு.

என் அனுபவத்துல "இன்னும் டெஸ்ட் பண்ணல, இந்த தேதிக்குள்ள பண்ணிருவோம், பொறுப்பு இன்னார்"னு எழுதுன வெண்டர யாரும் தொரத்துனது இல்ல. ஃபாலோ அப் மெயில் வரும், அவ்ளோதான். எல்லாம் யெஸ்னு வந்தாதான் நான் உக்காந்து தோண்டுவேன். 48 சீட்டு கம்பெனிக்கு ஆர்பிஓ 15 நிமிஷம்னு எழுதிருந்தா எனக்கு சிரிப்பு வந்துரும்.

ஆர்டிஓ, ஆர்பிஓ கேட்டிருந்தீங்கள்ல. எல்லாம் விழுந்ததுக்கு அப்புறம் எத்தன நேரத்துல எந்திரிப்பீங்கங்குறது ஆர்டிஓ. எந்திரிச்சதும் எவ்ளோ நேரத்து வேல காணாம போயிருக்கும்ங்குறது ஆர்பிஓ. ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கப் ஓடுது, அடுத்த நாள் ராத்திரி ஒரு மணிக்கு டிஸ்க் போச்சுன்னா 23 மணி நேர வேல காலி. அப்ப உங்க ஆர்பிஓ 24 மணி நேரம். அத அப்டியே எழுதுங்க, அவமானம் ஒண்ணும் இல்ல.

இந்தியா பக்கமும் கொஞ்சம் பாத்துக்கோங்க. சைபர் சம்பவம் நடந்தா தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) சொல்லணும், 180 நாள் சிஸ்டம் லாக் (என்ன நடந்துச்சுங்குற பதிவு) வச்சிருக்கணும், இது 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவு. நைட் ஷிஃப்ட்ல நடந்தா எம்டி தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள அந்த ஆறு மணி நேரம் ஓடிரும், அதனால யாரு சொல்லணும்னு பேர் போட்டு வைங்க. 2023 டேட்டா சட்டத்துல வெளிநாட்டு ஆளுங்களோட டேட்டாவ வெளிநாட்டு ஒப்பந்தத்துல ப்ராசஸ் பண்றவங்களுக்கு நெறைய விலக்கு இருக்கு, ஆனா பாதுகாப்பா வைக்கணும்ங்குற கடமைக்கு விலக்கு இல்ல. உங்க எம்டி அந்த விலக்க மட்டும் படிச்சிட்டு வருவாரு, அதான் முன்னாடியே சொல்றேன்.

சும்மா_ஒருத்தன்:

சரி அக்கா, யெஸ் போட சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் 😅

நைட்ஷிஃப்ட்_பெருங்குடி:

அண்ணாச்சி, தேடுனேன். தேடாம இருந்திருக்கலாம்னு தோணுது.

நாஸ்ல ஈஓபி (இன்சூரன்ஸ் எவ்ளோ குடுத்துச்சுன்னு வர்ற சீட்டு) ஸ்கேன் பிடிஎஃப் மட்டும் 61 ஆயிரம் ஃபைல். 2017லேர்ந்து. அதுல ஒரு குரூப் நம்ம விட்டு போயே நாலு வருஷம் ஆச்சு. ஏஆர் டீம்ல எல்லாரும் காலைல ஒர்க்லிஸ்ட்ட எக்செல்லா எறக்கி டெஸ்க்டாப்ல வச்சுக்குறாங்க, பேரு, பொறந்த தேதி, மெம்பர் ஐடி எல்லாம் அதுலயே. ஒரு பொண்ணு மிஷின்ல மட்டும் 340 எக்செல். கேட்டா "அண்ணா சாஃப்ட்வேர் ஸ்லோவா இருக்கும் அதனால"ங்குது, அதுவும் நியாயம்தான். ஃப்ளோர்ல பேனா பேப்பர் கொண்டு போகக்கூடாது, போன லாக்கர்ல வைக்கணும்னு அவ்ளோ ஸ்ட்ரிக்டா இருக்கோம், மிஷினுக்குள்ள இப்டி.

நாஸ் எல்லா மிஷின்லயும் இசட் ட்ரைவா மேப் ஆயிருக்கு. பாஸ்வேர்ட் அந்த பாக்ஸ் அடியிலயே ஸ்டிக்கர்ல ஒட்டிருக்கு. பேக்கப் இருக்கான்னு வெண்டர் பையன்ட்ட கேட்டேன், இருக்கு அண்ணா டெய்லி ஓடுது, பச்ச டிக்கு காட்டுதுன்னான். எங்க போகுதுன்னு கேட்டா அதே நாஸ்ல இன்னொரு ஃபோல்டராம்.

சர்வர்ரூம்_அண்ணாச்சி:

அது பேக்கப் இல்ல தம்பி, ஜெராக்ஸ் எடுத்து அதே பைல வச்சிருக்கீங்க.

இசட் ட்ரைவா மேப் ஆயிருக்குன்னா 48 பேர்ல ஒருத்தர் தப்பான அட்டாச்மென்ட்ட தொறந்தாலே ரான்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) நாஸையும் சேத்து பூட்டிரும், அந்த இன்னொரு ஃபோல்டரையும் பூட்டும். மூணு பிரதி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வேற எடத்துல. அதுல ஒண்ணாவது நெட்வொர்க்லேர்ந்து எட்ட முடியாததா இருக்கணும், இல்ல கிளவுட்ல குறிப்பிட்ட நாளைக்கு யாராலயும் அழிக்க முடியாத மாதிரி லாக் போட்டதா இருக்கணும், அட்மினா இருக்குற நீங்களே அழிக்க முடியாத மாதிரி.

எத்தன நாள் பேக்கப் வச்சிருக்கணும்னு அடுத்து கேப்பீங்க. 2021ல அயர்லாந்து நாட்டு அரசு சுகாதாரத் துறை, எச்எஸ்இ, மே 14ந்தேதி மொத்தமா முடங்குச்சு. ஆரம்பம் எங்கன்னு பாத்தா மார்ச் 18, ஒருத்தர் மெயில்ல வந்த ஒரு எக்செல்ல தொறந்திருக்காரு. எட்டு வாரம் உள்ளயே உக்காந்து நோட்டம் பாத்துட்டு அப்புறம்தான் அடிச்சிருக்கானுங்க. நம்ம பக்கம் ஏழு நாள் பேக்கப் வச்சிருந்தா அந்த ஏழு நாளும் திருடன் உள்ள இருந்த நாள்தான். அதுலயும் ஒரு கூத்து, ஒரு வாரத்துல அவனுங்களே பூட்ட தொறக்குற சாவிய இலவசமா குடுத்துட்டானுங்க. அப்டியும் எல்லாத்தையும் பழையபடி கொண்டுவர செப்டம்பர் ஆயிருச்சு. சாவி கெடச்சா எல்லாம் சரியாயிரும்னு நெனைக்கிறவங்களுக்காக சொல்றேன்.

பச்ச டிக்கு பத்தி ஒரு சின்ன கத. வேற ஒரு கம்பெனில எட்டு மாசம் தினமும் பச்ச. ஒரு நாள் டிஸ்க் போச்சு, ரெஸ்டோர் பண்ணி பாத்தா கடைசி என்ட்ரி எட்டு மாசம் முன்னாடி தேதி. என்னன்னு பாத்தா டேட்டாபேஸ டி ட்ரைவ்லேர்ந்து ஈ ட்ரைவுக்கு மாத்தினப்போ பேக்கப் ஜாப்ல பாதைய மாத்தல. யாருமே தொடாத பழைய ஃபோல்டர தினமும் பத்திரமா காப்பி எடுத்துட்டு இருந்துருக்கு. தினமும் ஒரே சைஸு, ஒரு கேபி கூட மாறல, நான்தான் தினமும் அந்த ரிப்போர்ட்ட பாத்து கையெழுத்து போட்டேன். அதனால டிக்க பாக்காதீங்க, சைஸ பாருங்க, மாசம் ஒரு தடவ நெஜமா ரெஸ்டோர் பண்ணி நேத்து வேல பாத்த ஒரு ஃபைல தொறந்து பாருங்க.

ஓபி_சீட்டு:

நான் பில்லிங் கம்பெனி இல்லீங்க, மதுர பக்கம் ஒரு 120 பெட் ஆஸ்பத்திரில ஈடிபி, கம்ப்யூட்டர் செக்சன். உங்க கேள்வி வேற, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா கம்ப்யூட்டர் இல்லாம வேல ஓட்டுறது எப்டின்னு யாரும் பேசல.

டில்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர் 23 சைபர் அட்டாக் அடிச்சப்போ அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட்னு பார்லிமென்ட்ல சொன்னாங்க. ரெண்டு வாரம் கையால எழுதி ஓட்டுனாங்க, அப்புறம் தொடப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால டேட்டாவ எடுத்துட்டாங்க. அண்ணாச்சி சொன்னதுதான், எட்ட முடியாத ஒரு பிரதி. அந்த நியூஸ் பாத்துட்டு எங்க எம்எஸ் (மெடிக்கல் சூப்பிரண்டு) ஐயா ஒரு ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் சிஸ்டத்த நிறுத்தி ட்ரில் வைங்கன்னாரு.

வச்சோம். பத்தே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. புதுசா வந்த நர்ஸ் புள்ளைகளுக்கு மருந்து இன்டென்ட் (ஸ்டோர்ல மருந்து கேக்குற சீட்டு) கையில எழுதத் தெரியல, அதுகள குத்தம் சொல்ல முடியாது, எழுதுனதே இல்ல. ரிசப்ஷன்ல ஓபி நம்பர் என்ன போடுறதுன்னு தெரியாம ரெண்டு கவுன்டர்ல ஒரே நம்பர். லேப்ல ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் ஸ்டிக்கர். ட்ரில்லுனு சொல்லி வச்சிருந்ததால பொழச்சோம். ரிஜிஸ்டர் நோட்டு இருந்துச்சு, ஸ்டோர் ரூம்ல, சாவி ஸ்டோர் கீப்பர்கிட்ட, அவரு ஞாயித்துக்கிழம லீவு.

இப்ப என்ன வச்சிருக்கோம்னா ஒவ்வொரு வார்டுலயும் ஒரு செவப்பு பொட்டி. உள்ள அச்சடிச்ச ஃபார்ம், கார்பன் பேப்பர், பேனா, கவுன்டருக்கு தனித்தனியா முன்கூட்டியே நம்பர் போட்ட சீட்டு, ஒண்ணாம் கவுன்டருக்கு 1001லேர்ந்து, ரெண்டாம் கவுன்டருக்கு 2001லேர்ந்து. சிஸ்டம் வந்ததும் அந்த நம்பர வச்சு ஒவ்வொண்ணா ஏத்துவோம். ரெண்டு மணி நேர பேப்பர ஏத்த எங்களுக்கு ஒண்ணரை நாள் ஆச்சுங்க, இத எந்த பிளான்லயும் எழுத மாட்டாங்க. அலர்ஜி லிஸ்ட்டும் ஓடிட்டு இருக்குற மருந்து லிஸ்ட்டும் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா தானா பிரிண்ட் ஆயி நர்ஸிங் ஸ்டேஷன்ல வந்து விழும். பேப்பர் வேஸ்ட்னு அக்கவுண்ட்ஸ்ல சண்ட போடுவாங்க.

ஏஆர்_காலர்_பழசு:

நம்ம லைன்ல நடந்ததையே யாரும் சொல்லல பாத்தீங்களா. சேஞ்ச் ஹெல்த்கேர்!! டாக்டருக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவுல கிளெய்ம கொண்டு போற கிளியரிங்ஹவுஸ், ஹேக் ஆச்சே. 2024 பிப்ரவரி 21, மறக்குமா. நாங்க வழக்கம்போல லாகின் பண்ணா கிளெய்ம் போகல, ரிஜெக்‌ஷனும் வரல, ஈஆர்ஏவும் (இன்சூரன்ஸ் காசு குடுத்த விவரம்) வரல, மொத சர்வர் ஸ்லோன்னு நெனச்சு டீ குடிக்கப் போனோம். வருஷத்துக்கு 1500 கோடி டிரான்சாக்‌ஷன் ஓடுற எடம், அது நின்னா அமெரிக்காவுல பாதி டாக்டருக்கு காசு வர்ற குழாய்ல அடைப்பு மாதிரி.

அப்புறம் அதோட தாய் கம்பெனிக்கு அப்ப சிஇஓவா இருந்த ஆண்ட்ரூ விட்டி மே 1ந்தேதி செனட்ல உக்காந்து சொன்னாரு, திருட்டு பாஸ்வேர்ட வச்சு ஒரு சிட்ரிக்ஸ் ரிமோட் போர்ட்டல் வழியா பிப்ரவரி 12 உள்ள வந்திருக்கானுங்க, அந்த போர்ட்டல்ல எம்எஃப்ஏ இல்லன்னு. 2.2 கோடி டாலர் குடுத்தாங்க, குடுத்தும் டேட்டா போனது போனதுதான், கடைசி கணக்கு 19 கோடி பேருக்கு மேல. ஓடிபி தொல்லையா இருக்குன்னு எம்எஃப்ஏவ ஆஃப் பண்ண சொல்ற எங்க மேனேஜருக்கு இத பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சோம்.

எங்க ஆபீஸ்ல சர்வருக்கு ஒண்ணும் ஆகல, கரண்ட் இருக்கு, ஆளு இருக்கு, ஏசி ஓடுது. ஆனா வேல இல்ல! எலிஜிபிலிட்டி (நோயாளிக்கு இன்சூரன்ஸ் செல்லுமான்னு) பாக்கணும்னா ஒவ்வொரு இன்சூரன்ஸுக்கும் போன் போட்டு 45 நிமிஷம் ஹோல்டு மியூசிக். வேற கிளியரிங்ஹவுஸுக்கு மாறலாம்னா ஒவ்வொரு பேயருக்கும் (காசு குடுக்குற இன்சூரன்ஸ்) புதுசா என்ரோல்மென்ட், அதுவே வாரக்கணக்குல ஆகும். ஒரு டாக்டர் பேப்பர் கிளெய்ம் அனுப்புங்கன்னாரு, சிஎம்எஸ் 1500 ஃபார்ம் செவப்பு மையில அச்சடிச்ச ஒரிஜினல்லதான் போகணும், நம்ம பிரிண்டர்ல கருப்புல அடிச்சா ஸ்கேனர் எடுக்காது. அமெரிக்காவுல அவங்க ஃப்ரண்ட் ஆபீஸ்லயே ஃபார்ம் வாங்கி அடிச்சாங்க. எங்களுக்கு அந்த மாசம் இன்சென்டிவ் பூஜ்யம்.

சொல்ல வந்தது, உங்க டிஆர் பிளான்ல "நம்ம விழுந்தா"ன்னு மட்டும் எழுதாதீங்க, "நடுவுல இருக்குறவன் விழுந்தா"ன்னும் எழுதுங்க. ரெண்டாவது கிளியரிங்ஹவுஸ்ல பெரிய பேயர் நாலஞ்சுக்காவது இப்பவே என்ரோல்மென்ட் போட்டு வைக்க சொல்லி கிளையன்ட்கிட்ட கேளுங்க. அவங்களே ஆச்சரியப்படுவாங்க இந்த கேள்விய நீங்க கேக்குறீங்களேன்னு.

ஆடிட்_அக்கா:

இது ரொம்ப நல்ல பாயிண்ட். தம்பி, இத கேள்வித்தாள்ல கடைசி "கூடுதல் கருத்து" கட்டத்துல எழுதுங்க. அந்த கட்டத்த யாரும் நிரப்புறதே இல்ல. அப்புறம் அந்த 61 ஆயிரம் ஃபைல்ல, விட்டுப்போன கிளையன்டோடத ஒப்பந்தப்படி திருப்பி குடுக்கணுமா அழிக்கணுமான்னு பாருங்க, எழுத்துல கேட்டு அப்புறம் அழிங்க. இல்லாத டேட்டாவ யாரும் திருட முடியாது.

நைட்ஷிஃப்ட்_பெருங்குடி:

அப்டேட் போடுறேன், பத்து நாள் ஆச்சு.

திங்கக்கிழமை கெடுவ ஒரு வாரம் தள்ளி கேட்டேன், ஒரே வரி மெயில்ல சரின்னுட்டாங்க, நான்தான் வீணா பயந்துட்டேன். சனிக்கிழமை எம்டி சாரையும் வெண்டர் பையனையும் உக்கார வச்சு ரெஸ்டோர் டெஸ்ட். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு வாங்கி என்கிரிப்ட் பண்ணி நாஸ அதுல எடுத்துட்டு, ஒரு பழைய மிஷின்ல திருப்பி போட்டோம். பையன் நாலு மணி நேரத்துல முடிஞ்சிரும்னான். மதியம் பிரியாணி வந்துச்சு, சாயங்காலம் பஜ்ஜி வந்துச்சு, 31 பர்சென்ட்ல நிக்குது. ஆயிரக்கணக்குல சின்ன சின்ன பிடிஎஃப், அதான் இழுக்குதாம். ஞாயிறு காலைல அஞ்சரைக்கு முடிஞ்சுது. மொத்தம் 19 மணி நேரம். எம்டி சார் ஒண்ணும் பேசல, "அப்ப நாலுன்னு எழுத வேணாம்"னு மட்டும் சொன்னாரு. ஆர்டிஓ 24 மணி நேரம்னு எழுதிட்டேன்.

112 கேள்வில யெஸ் 58, நோ 23, மிச்சம் தேதி போட்டு "இதுக்குள்ள பண்ணிருவோம்". ஃப்ளோரிடா பிளான தூக்கிப் போட்டுட்டு ஒம்போது பக்கத்துல நாங்களே தமிழும் இங்கிலீஷுமா எழுதி அப்புறம் இங்கிலீஷ் ஆக்குனோம். மிக்ஜாம் டைம்ல யார் யாரால வர முடிஞ்சுதுன்னு எண்ணுனா 48ல 11 பேரு. அதுல ஏழு பேரு மேடவாக்கம் தாண்டி இருக்குறவங்க. எம்டி சாருக்கு திருச்சில அவரு மச்சான் எடம் ஒண்ணு காலியா இருக்காம், அங்க எட்டு சீட்டு போடலாமான்னு யோசிக்கிறாரு, அது நடக்குமான்னு தெரியல. வீட்டுலேர்ந்து வேல பாக்க கிளையன்ட் அனுமதி வேணும்னு ஒப்பந்தத்துல இருக்கு, 2020 லாக்டவுன்ல வேன்ல மிஷின ஏத்தி வீடு வீடா எறக்கினப்போ வாங்குன அனுமதி மெயில் காலாவதி ஆயிருச்சு, புதுசா கேட்டிருக்கோம்.

எக்செல் எறக்குறத இன்னும் நிறுத்த முடியல. வாரம் ஒரு தடவ டவுன்லோட்ஸ காலி பண்ற ஸ்கிரிப்ட் மட்டும் ஓடுது. அந்த பொண்ணு இப்ப வேற ஃபோல்டர்ல வைக்குது.

போன் நம்பர் லிஸ்ட்ட லேமினேட் பண்ணி எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தாச்சு. பேஷன்ட் சம்பந்தமா ஒண்ணும் அதுல இல்ல, வீட்டுக்கு கொண்டு போகலாம்.

சர்வர்ரூம்_அண்ணாச்சி:

19 மணி நேரம்னு தெரிஞ்சுதே, அதுக்கே ஒரு பஜ்ஜி சாப்டலாம். லிஸ்ட்ல கேப் வெண்டர் நம்பரும் பில்டிங் வாட்ச்மேன் நம்பரும் இருக்கா?

நைட்ஷிஃப்ட்_பெருங்குடி:

கேப் இருக்கு. வாட்ச்மேன் இல்ல. நாளைக்கு திருப்பி லேமினேட் பண்ணணும்.